ஐப்பசி விருந்தினர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் மொழியின் சிறப்பையோ இலக்கியத்தின் நயத்தையோ எடுத்துரைப்பது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, ஒரு பறவையைப் பற்றியும், அதனைக் காத்து நிற்கும் ஓர் ஊரைப் பற்றியும் பேச விரும்புகிறோம். அவ்வூர் நமக்கு நெடுந்தொலைவில் உள்ளதன்று. மழை ஓய்ந்து வானம் தெளிந்த காலையில், நம் காலனியின் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் நீலக் கோடாகத் தெரிகின்றனவே, அந்த மலைகளில்தான் இருக்கிறது. கோலாகாட் மாவட்டத்தில் தன்சிரி ஆற்றோடு வந்து கலக்கும் டோயாங் ஆறு அம்மலைகளிலிருந்துதான் இறங்கி வருகிறது. அந்த ஆற்றை நாம் அறிவோம். அதன் மேல்கரையில் வாழும் மக்களை அறியாமலே பல ஆண்டுகளை இங்குக் கழித்துவிட்டோம்.

நாகாலாந்து மாநிலத்தின் வோக்கா மாவட்டத்தில், டோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்தது பங்டி என்னும் ஊர். லோத்தா நாகர்கள் அங்கு வாழ்கின்றனர். ஆண்டுதோறும் நம் ஐப்பசி மாதத்தில், அதாவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, அவ்வூரின் வானத்தை அமூர் வல்லூறு என்னும் பறவைகள் நிறைக்கின்றன. அவை ஆயிரம் இரண்டாயிரம் அல்ல, பல இலட்சம். பறவை என்னவோ சிறியதுதான்; நம் மாடத்துப் புறாவைவிடவும் இலேசானது. எடை ஏறக்குறைய 150 கிராம். ஆண் பறவை கருஞ்சாம்பல் நிறமும் செம்மஞ்சள் கால்களும் உடையது. பெண் பறவையின் வெளிறிய மார்பில் கரிய கோடுகளும் புள்ளிகளும் காணப்படும். வல்லூறு இனத்தைச் சேர்ந்ததாயினும் இதன் முதன்மையான உணவு பூச்சிகளே.

சைபீரியாவின் தென்கிழக்குப் பகுதியிலும், மங்கோலியாவிலும், வடகிழக்குச் சீனத்திலும் இவை குஞ்சு பொரிக்கின்றன. அங்குக் குளிர் தொடங்குமுன் குஞ்சுகளோடு புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்கின்றன. போக வர ஓராண்டில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. இந்நெடும் பயணத்தின் இடையில் தங்கி இளைப்பாறும் சத்திரமே நாகாலாந்தும் அதனை அடுத்துள்ள மணிப்பூர், அஸ்ஸாம் மலைப்பகுதிகளும். மழைக்காலம் முடிந்த அந்நாட்களில் மண்ணினின்று ஈசல்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பும். வல்லூறுகள் அவற்றை வானிலேயே பற்றித் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. பின்னர் ஒருநாள் எழுந்து, தென்னிந்தியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலின்மேல் செல்கின்றன. கடலில் அமர ஒரு கிளையும் இல்லை. நிற்க ஒரு பாறையும் இல்லை. டோயாங் கரையில் தின்ற ஈசலே அக்கடலைக் கடப்பதற்குரிய கட்டுச்சோறு. இதனை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

2012-ஆம் ஆண்டு அக்டோபரில் இயற்கை ஆர்வலர் சிலர் அந்நீர்த்தேக்கத்திற்குச் சென்றனர். பறவைகள் அடையும் இடங்களில், மரங்களுக்கிடையே மீன்பிடி வலைகள் உயரக் கட்டப்பட்டிருப்பதை அவர்கள் கண்டனர். மாலையில் அடைய வரும் பறவைகளும் விடியலில் புறப்படும் பறவைகளும் வலையில் சிக்கின. கட்டுக்கட்டாகச் சந்தைக்குப் போயின. அந்த ஒரே பருவத்தில் 1,20,000 முதல் 1,40,000 வரை வல்லூறுகள் பிடிபட்டிருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அவர்கள் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. படங்களைக் கண்டோர் எல்லாம் பங்டி மக்களைக் கொடியவர் என்றனர்.

அன்பர்களே, பழி கூறுவது எளிது. அதற்கு முன் அவ்வூரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் நம் கடமை. டோயாங் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுந்து, 75 மெகாவாட் மின் நிலையம் 2000-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அணை நீரில் விளைநிலங்கள் மூழ்கின. நிலம் இழந்தவரிற் பலர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கத் தொடங்கினர். வலை அவர்கள் வீட்டுப் பொருளாயிற்று. வேட்டையோ அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இந்நிலையில், வானத்தினின்று தானே இறங்கி வந்த பறவைத் திரளை அவர்கள் விளைச்சலாகவே கருதினர். அந்தச் சில வாரங்களின் வருவாய் பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவியது. அணையின் மின்சாரமோ வடகிழக்குப் பகுதி முழுவதற்கும் செல்கிறது. நம் காலனி விளக்குகளில் எரியும் ஒளியிலும் அதன் பங்கு ஒரு துளியேனும் இருக்கக்கூடும். அவர்கள் நிலத்தை இழந்தனர். நாம் ஒளியைப் பெற்றோம். இக்கணக்கை அறியாமல் அவர்களைக் கொடியவர் என்பது நேர்மையாகாது.

அடுத்து நிகழ்ந்ததே வியப்புக்குரியது. பங்டி, ஆஷா, சுங்ரோ ஆகிய ஊர்களின் மன்றங்கள் கூடின. இனி வல்லூறுகளைப் பிடிப்பதில்லை என்று முடிவு செய்து, மாநில வனத்துறையோடு உடன்பாடு செய்துகொண்டன. தேவாலயங்களில் போதகர்கள் இதனை எடுத்துரைத்தனர். பானோ ஹராலு என்னும் நாகாலாந்துப் பத்திரிகையாளரும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராகச் சென்று பெரியோரிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் பேசினர். 2013-ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பகுதியில் ஒரு வல்லூறுகூட வலையில் மாளவில்லை என்று பதிவாயிற்று. ஓராண்டுக்கு முன் இலட்சத்துக்கு மேல். ஓராண்டு கழித்து ஒன்றுமில்லை!

இம்மாற்றத்தைச் சட்டம் மட்டுமே செய்துவிடவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அது ஏட்டில் இருக்கும்போதேதான் வலைகளும் கட்டப்பட்டன. மேலும், நாகாலாந்தில் காடுகளின் பெரும்பகுதி அரசுக்கு உரியதன்று. ஊருக்கும் குடும்பங்களுக்கும் உரியது. அம்மக்களின் நில உரிமைக்கும் வழக்காறுகளுக்கும் அரசமைப்பின் 371-ஏ பிரிவு காப்பளிக்கிறது. ஆகவே, அங்குக் காட்டின் உரிமையாளர் மனம் வைத்தாலன்றிக் காவல் இல்லை. அவர்கள் மனம் வைத்தனர். தம் வருவாயைத் தாமே கைவிட்டனர். வல்லூறுகள் அடையும் நிலத்துக்கு உரியவர்கள் சங்கமாகக் கூடி, பருவம் முழுதும் தாமே காவல் காத்தனர்.

அதே 2013 நவம்பரில், டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் அறிஞர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் சேர்ந்து மூன்று வல்லூறுகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தினர். கருவியின் எடை 5 கிராம். அது சூரிய ஒளியில் இயங்கும். பறவை இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும். அம்மூன்றுக்கும் நாகா, வோக்கா, பங்டி என்று பெயரிட்டனர். மாநிலத்தின் மக்களும், மாவட்டமும், ஊரும் மூன்று பறவைகளின் பெயராயின. நாகா என்னும் பறவை ஐந்து நாட்களுக்குச் சற்று மேலான காலத்தில் 5,600 கிலோமீட்டர் தூரத்தை இடையில் எங்கும் தங்காமல் கடந்தது. அடுத்த ஆண்டு நாகாவும் பங்டியும் டோயாங் கரைக்கே திரும்பி வந்தன. பங்டி என்னும் பறவை பங்டி என்னும் ஊருக்கு மீண்டும் வந்த செய்தி அவ்வூராருக்கு எத்தகைய மகிழ்ச்சியை அளித்திருக்கும் என்பதை, ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பறவையைக் காத்தல் நம் தமிழகத்துக்கும் புதிதன்று. வேடந்தாங்கல் ஊரார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தம் ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்று அன்றைய ஆட்சியாளரிடம் முறையிட்டு உரிமை பெற்றனர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இவற்றைச் சொல்லி நாம் பெருமை கொள்கிறோம்; கொள்ளத் தக்கதே. எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. வேடந்தாங்கல் உழவருக்குப் பறவையின் எச்சம் வயலுக்கு உரமாயிற்று. பறவையைக் காத்ததில் அவர்களுக்கும் பயன் இருந்தது. பங்டி மக்களுக்கோ பறவையைக் காத்தது கண்ணெதிரே நிகழ்ந்த இழப்பு. கையில் இருந்ததை விட்டுக் காத்தவர்கள் அவர்கள்.

அந்த இழப்பை எதனால் ஈடு செய்வது? சுற்றுலாவால் என்று எல்லோரும் கூறினர். உலகம் வந்து பார்க்கும், ஊர் பிழைக்கும் என்றனர். காட்சிக் கோபுரங்கள் எழுந்தன; சில வீட்டார் விருந்தினருக்கு அறை ஒதுக்கினர். ஆயினும் பருவம் சில வாரங்களே. பாதை கரடு முரடானது. எதிர்பார்த்த அளவுக்கு வருவாய் வரவில்லை என்று ஊரார் பலமுறை வருந்தியுள்ளனர். வருவோர் எல்லோரும் ஊருக்குப் பயன்படும் வகையில் வருகிறார்களா என்பதும் ஒரு கேள்வி. அக்கேள்விக்கு விடையாக, பிறர் கதையைக் கூறாமல் நம் கதையையே கூறுகிறோம்.

சென்ற ஆண்டு தீபாவளியை ஒட்டிய விடுமுறையில், நம் காலனிக் குடும்பங்கள் சில மூன்று வண்டிகளில் புறப்பட்டு, உள்நுழைவு அனுமதிச் சீட்டுப் பெற்று, மெராபானி வழியாக அங்குச் சென்றோம். அதிகாலையிலேயே எழுந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டோம். குடிக்கும் நீரையும் குப்பிகளில் நிரப்பிக்கொண்டோம். மாலையில் நீர்த்தேக்கத்தின்மேல் வல்லூறுகள் கூடிய காட்சியைச் சொல்லில் அடக்குதல் அரிது. எரிந்த வைக்கோலின் துகள் காற்றில் சுழல்வதுபோல் வானெங்கும் பறவைகள். அவை மெல்ல மெல்லத் தாழ்ந்து மரங்களில் அமரத் தொடங்கின. கிளை தெரியாதபடி அமர்ந்தன. அவ்வேளையில் நம் பிள்ளைகள் சிலர் கைதட்டிக் கூவினர். பெரியவர்களாகிய நாம் தடுத்தோமா என்றால், இல்லை. பறவைகள் மீண்டும் எழுந்தால் படம் நன்றாக விழும் என்று நம்முள் ஒருவர் வண்டியின் ஒலிப்பானையும் அழுத்தினார். மரங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் உதிர்ந்தாற்போல் பறவைத் திரள் எழுந்தது. நாம் ஆரவாரம் செய்தோம்.

அப்போது காவலுக்கு நின்ற ஊரார் ஒருவர் அருகில் வந்தார். நடுத்தர வயதினர். சினந்து பேசவில்லை, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு நமக்குத் தெரிந்த அஸ்ஸாமியில் மெதுவாகச் சில சொற்கள் கூறினார். தாமும் முன்னர் வலை கட்டியவரே என்றார். அந்நாட்களில் பறவை எப்போது எழும் என்று காத்திருப்பாராம். எழுந்தால்தானே வலையில் விழும்! இப்போது அது எப்போது அமைதியாக அமரும் என்று காத்திருப்பதாகச் சொன்னார். அவ்வளவே. அவர் அப்பால் சென்றுவிட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

சற்று முன்பு கட்டுச்சோறு என்றோமே, அதனை இங்கு நினைவுகூர்க. இருட்டும் வேளையில் வீணாக எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அப்பறவை தன் கட்டுச்சோற்றில் ஒரு கவளத்தை இழக்கிறது. நம் ஒரு நொடிக் களிப்புக்கு விலை கொடுப்பது, கடலின் நடுவே பறக்க வேண்டிய அச்சிற்றுயிர். வலை கட்டியவர் மட்டுமே பறவைக்குத் தீங்கு செய்பவர் அல்லர். கைதட்டியவரும் தீங்கு செய்தவரே.

இரவே வீடு திரும்பினோம். வரும் வழியில் வண்டியில் ஒருவர் கணக்குப் பார்த்தார். அவ்வூரில் நாம் செலவிட்டது தேநீர்க் காசு மட்டுமே. சோறு நம்முடையது; நீர் நம்முடையது; வழிகாட்டியும் வேண்டாம் என்று விட்டோம். நாம் அங்கு விட்டு வந்தவை சில இலைகளும், பிளாஸ்டிக் தாள்களும், பறவைகளுக்கு ஓர் அச்சமும். பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வரும் பறவைக்காகத் தம் வருவாயை விட்ட ஊருக்கு, ஒருநாள் விருந்தினராகிய நாம் அளித்த கைம்மாறு அவ்வளவே! இதனை மேடையில் கூற வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் கூறாமல் விட்டால், இவ்வாண்டும் அவ்வாறே போய் வருவோம்.

பார்க்க வருவோரின் பணம் காப்பவரின் கையில் சேர்வதற்கு வழி இல்லாமற் போகவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் பக்கே புலிகள் காப்பகத்தின் எல்லையில் வாழும் நிஷி மக்கள், முன்பு தம் தலையணிக்காக இருவாட்சிப் பறவையின் அலகை நாடி வேட்டையாடினர். இன்று அவர்களுள் சிலர் இருவாட்சிக் கூடுகளுக்குக் காவலராக இருக்கின்றனர். நகரங்களில் வாழ்வோர் கூடு ஒன்றைத் தத்தெடுத்துப் பணம் அனுப்ப, அது காவலரின் ஊதியமாகிறது. தலையணியில் இப்போது செயற்கை அலகு பொருத்தப்படுகிறது. வழக்கமும் அழியவில்லை, பறவையும் அழியவில்லை.

காவல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று என்பதையும் அறிதல் வேண்டும். 2018 நவம்பரில் மணிப்பூரின் தமெங்லாங் மாவட்டத்தில் கருவி பொருத்தி விடப்பட்ட இரு வல்லூறுகளுள், 'மணிப்பூர்' என்று பெயரிடப்பட்டது சில நாட்களிலேயே இறந்து கிடந்தது. அம்மாவட்டத்தார் மனம் தளர்ந்துவிடவில்லை. 2024-ஆம் ஆண்டில் அங்கிருந்து மேலும் இரு பறவைகள், பறவைகள் அடையும் இரு ஊர்களின் பெயர்களைத் தாங்கி, கருவிகளோடு புறப்பட்டன. ஓர் ஆண்டு காவல் தளர்ந்தால் பத்தாண்டு உழைப்பும் வீணாகக்கூடும். காப்பவரின் வீட்டில் அடுப்பு எரியாமல் காவல் நெடுநாள் நிற்காது. ஊர்ப்பற்றும் இறைப்பற்றும் பறவையின்பால் அன்பும் அவர்களை இதுவரை நிறுத்தின. இனி அச்சுமையை அவர்கள் தோளில் மட்டும் விட்டுவிட்டு, கண்ணுக்கு விருந்தை மட்டும் நாம் கொள்வது அறமாகாது.

ஆதலின் இவ்விழாவில் நம் சங்கத்தின் முன் சில கருத்துகளை வைக்கிறோம். வரும் ஐப்பசியில் மீண்டும் செல்வோம். ஆனால் இரவு அவ்வூர் வீடுகளிலேயே தங்குவோம். அவர்கள் சமைத்துத் தரும் சோற்றையும் கீரையையும் உண்போம். புலால் உண்ணாதவர் முன்கூட்டியே தெரிவித்தால் போதும்; அரிசியும் காய்கறியும் அவர்கள் வீட்டிலும் உண்டு. ஊர்ச் சங்கத்தார் காட்டும் வழிகாட்டியோடு மட்டுமே செல்வோம்; அவர்கள் கேட்கும் கட்டணத்தில் பேரம் பேச மாட்டோம். பறவை அடையும் நேரத்தில் பேச்சும், பாட்டும், வண்டி ஒலியும், விளக்கொளியும் அடங்கி இருத்தல் வேண்டும். கொண்டு சென்ற குப்பையைக் கொண்டு திரும்புதல் வேண்டும். புறப்படுமுன் நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லித் தருவோம். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே இப்பாடம் மிகுதியாகத் தேவை என்பதைச் சென்ற ஆண்டு கண்டோம்.

இன்னும் ஒன்று. ஆண்டுதோறும் தீபாவளிக்கு நம் காலனியில் வீட்டுக்கு வீடு பணம் திரட்டி வாணவேடிக்கை நடத்துகிறோம். அப்பணத்தில் ஒரு பாதியை, பங்டி ஊர் மன்றத்தைக் கலந்து, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்கு அளிக்கலாம். ஒருகாலத்தில் வல்லூறு விற்ற பணத்தில் பிள்ளைகள் படித்தனர். வல்லூறு உயிரோடு பறப்பதாலும் அப்பிள்ளைகள் படிக்க முடியும் என்று காட்டுவது, படிக்கவும் பிழைக்கவும் தாயகம் விட்டு வந்த நமக்குத் தகுந்த பணியே. தொகை சிறிதாக இருக்கலாம். ஆண்டுதோறும் தவறாமல் சேர்தல் வேண்டும். தவறாமல் வரும் விருந்தினருக்காகச் செய்யும் காணிக்கை அன்றோ! செயற்குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

அன்பர்களே, நாமும் நெடுந்தூரம் வந்தவர்களே. காவிரிக் கரையிலிருந்தும், பொருநைக் கரையிலிருந்தும், கொங்கு நாட்டிலிருந்தும் பிழைப்பை நாடி வந்து, பிரம்மபுத்திரையின் இக்கரையில் தங்கியுள்ளோம். இங்குள்ளோர் நம்மைத் தங்கவிட்டனர். நம் மொழியைப் பேசவிட்டனர். இதோ, இவ்விழாவை நடத்தவும் விட்டுள்ளனர். வந்தவரை அமைதியாக இருக்கவிடுவதே பெரிய உபசாரம் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம். அந்த உபசாரத்தைத் தம் நிலத்தில் ஒரு பறவைக்கு ஓர் ஊர் செய்துவருகிறது. வரும் ஐப்பசியில் அங்கு நாம் நிற்கும்போது, அந்தக் காவலர் நம்மை நோக்கி உதட்டில் விரல் வைக்க வேண்டிய தேவை நேராதிருக்கட்டும்.